இரண்டு கே. முனியசாமிகள்

பயிற்சி நிலையத்து மலருக்கு எழுதச் சொல்லி எனக்கு வந்த கடிதத்தில், "புதியவர்களுக்கு உற்சாகம் ஊட்டும்படி" என்று ஒரு வரி இருந்தது. மூன்று நாள் யோசித்தேன். உற்சாகம் ஊட்ட எனக்கு வரவில்லை. பயம் ஊட்ட வரும். கணக்கெழுத வருகிறவனுக்கு முதல் வருஷத்தில் அதுதான் அதிகம் உதவும் என்றும் தோன்றியது. ஆகவே, இந்தத் தடவை பயிற்சிக்கு வந்திருக்கும் நண்பர்களே, கொஞ்சம் பயந்துகொண்டே படியுங்கள்.

நான் உங்களைவிட ஐந்து வருஷம்தான் மூத்தவன். தலை நரைத்தவர்கள் எழுத வேண்டிய பக்கத்தில் என்னை எழுதச் சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் செட்டில் படித்து வெளியே போனவர்களில் முதல் மெமோ வாங்கியவன் நான். வேலையில் சேர்ந்து ஐந்தாவது மாதம்.

குறிப்பேடு, பேரேடு, ட்ரயல் பாலன்ஸ் எல்லாம் உங்கள் வாத்தியார் சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார். நான் சொல்லப் போவது ஒரு வாரத்தில் நடந்த ஒரே ஒரு விஷயம்.

அதற்கு முன்னால் நான் பஸ் கண்டக்டர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகிற தடத்தில் இரண்டு வருஷம் டிக்கெட் கிழித்தேன். தேவிபட்டினம், உப்பூர் என்று உப்புக்காற்று முகத்தில் அடிக்கிற தடம். எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்காது, வாயும் நிற்காது. டிரிப் முடிவதற்குள் மனசிலேயே கூட்டி வசூலை ஒரு பைசா பிசகாமல் சொல்லிவிடுவேன். டிரைவர் அண்ணன், "ஏலே, ஒன் மண்டைக்குள்ள மிஷினா வச்சிருக்க?" என்பார். அந்தப் பேச்சுதான் என்னைக் கெடுத்தது. பயணி ஒருவர் விரித்து வைத்திருந்த செய்தித்தாளில், கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கர் பயிற்சி என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். அடுத்த வாரமே மனுப் போட்டுவிட்டேன்.

பயிற்சி முடிந்து ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு ஊரின் கடன் சங்கத்தில் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆறு மாதம் வேலையைப் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் மறுபடி பஸ். சங்கத்தில் மொத்தம் மூன்று பேர்: செக்ரட்டரி, வாட்ச்மேன், நான்.

என் முதல் வேலை, கிழிந்து நூல் பிரிந்த பழைய பேரேட்டிலிருந்து எல்லாருடைய கணக்கையும் அச்சடித்த புதுப் பேரேட்டுக்கு மாற்றி எழுதுவது. பழைய பேரேட்டைத் திறந்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பட்டப்பெயர். குறட்டை சேது. கோழி இருளப்பன். வெள்ளரி முனியசாமி. ஆறுவிரல் முனியசாமி. சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. ஒருவர் சின்ன வயசில் யாரோ தோட்டத்தில் வெள்ளரிக்காய் பறித்துத் தின்று மாட்டிக்கொண்டதைச் சங்கத்துப் பேரேட்டில் ஏன் எழுத வேண்டும்? சுதந்திரம் வந்த நாட்டில் ஒரு மனிதனை அவன் ஆறாவது விரலைச் சொல்லியா கூப்பிடுவது?

"இனிமே இதெல்லாம் கிடையாது. பேரு, அதுக்கு முன்னால இனிஷியல். அவ்வளவுதான்" என்றேன்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "பட்டப்பேரு இல்லாட்டி ஆளு வெளங்காதே சார்."

"ஆளுக்கு அய்யான்னு ஒருத்தர் இருக்காருல்ல? அவரு பேருல மொத எழுத்து. அது போதும்."

"என்னமோ சார். படிச்சவுக நீங்க" என்றார்.

நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். முத்து முத்தாக எழுத்து. பெயர்கள் தமிழில், இனிஷியல் மட்டும் இங்கிலீஷ் முறையில்: எஸ். சேது, ஏ. இருளப்பன், கே. முனியசாமி. கடைசியில், எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்று ஒரு அட்டவணை. அதை எழுதும்போது கே. முனியசாமி இரண்டு தடவை வந்தது. அதே பெயர், அதே இனிஷியல், அதே தெரு. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு போலிருக்கிறது என்று நினைத்து, அட்டவணையில் முதல் பக்க எண்ணை மட்டும் போட்டேன். ஒரு நிமிஷம் எழுந்து போய் வாட்ச்மேனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான் வைப்பார்கள். தாத்தாவுக்கு இரண்டு மகன் என்றால் இரண்டு வீட்டிலும் அதே பெயரில் ஒரு பேரன் இருப்பான். இந்தத் தாத்தா முனியசாமிக்கு மகன்கள் இருவர்: காளிமுத்து, கருப்பையா. காளிமுத்து மகன் ஆறுவிரல். கருப்பையா மகன் வெள்ளரி. தமிழில் முதலெழுத்துப் போட்டிருந்தால் ஒருவர் கா., இன்னொருவர் க. என்று பிரிந்திருப்பார்கள். நான் போட்ட இங்கிலீஷ் இனிஷியலில் இரண்டு பேரும் "கே." ஆகிவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் என் பெயரே என் சித்தப்பா மகனுக்கும் உண்டு. அது அப்போது ஞாபகம் வரவில்லை.

அறுவடை முடிந்தது. விதைக்கடன் வாங்கியவர்கள் வந்து கட்டினார்கள். வெள்ளரியும் வந்து முழுசாகக் கட்டினார். நான் அட்டவணையைப் பார்த்தேன், பக்கத்தைப் புரட்டினேன், வரவு வைத்தேன். வைத்தது ஆறுவிரல் பக்கத்தில். வரவும் பற்றும் ஒத்துப்போகிறதா என்று ட்ரயல் பாலன்ஸ் எடுத்தபோது ஒரு பைசா வித்தியாசமில்லை. எப்படி வரும்? பணம் சங்கத்துக்குள்ளேதான் இருந்தது, ஆள்தான் மாறியிருந்தார். மொத்தம் நேராக வந்துவிட்டால் உள்ளே எல்லாம் நேர் என்று நான் நம்பிய காலம் அது. செக்ரட்டரிகூடத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு எல்லா உறுப்பினருக்கும் பாக்கி எவ்வளவு என்று சீட்டு அனுப்பினோம். இரண்டாம் நாள் காலை, தோளில் துண்டும் கையில் சீட்டுமாக ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயசு இருக்கும். அவர்தான் ஆறுவிரல்.

"தம்பி, இதுல பாக்கி இல்லன்னு போட்டிருக்காம். பள்ளிக்கூடத்து வாத்தியாரு வாசிச்சுச் சொன்னாரு."

"ஆமாண்ணே. சந்தோஷந்தானே?"

"நான் கட்டலையேப்பா."

நான் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தில் பளிச்சென்று வரவு. "கட்டியிருக்கீங்கண்ணே. வீட்ல யாராச்சும் கட்டியிருப்பாக."

"எங்க வீட்ல எனக்குத் தெரியாம யாரு கட்டுவா? ஆட்டுக்குட்டி வந்து கட்டிட்டுப் போச்சாக்கும்? எனக்குக் கடைசி வயலு, இந்த வருஷம் கடமடையில தண்ணியே ஏறல. வெதச்சது வெதச்சபடி கருகிருச்சு. நான் எங்கிட்டுப் போயிக் கட்டுவேன்?"

"அண்ணே, மொத்தக் கணக்கும் நேரா வந்திருக்கு. நேரா வந்த கணக்குல தப்பு இருக்காது. நிம்மதியாப் போங்க."

அவர் நிம்மதியாகப் போகவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "நல்லாப் பாத்துட்டீல்ல?" என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். இன்றைக்கும் என் முதுகு சில்லிடுகிற இடம் இதுதான். கட்ட வேண்டியதில்லை என்று சொன்ன காகிதத்தை எடுத்துக்கொண்டு, இல்லை, நான் கட்ட வேண்டும் என்று ஒரு மனிதர் தேடி வருகிறார். அவரை நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

வெள்ளரிக்கும் சீட்டுப் போயிருந்தது, பாக்கி இருக்கிறது என்று. அவருக்கு எழுத்துத் தெரியாது. சங்கத்துக் காகிதம் என்றால் ரசீதுதான் என்று நினைத்து, கடன் கட்டிய ரசீதோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை, கெடு தாண்டியவர்கள் பட்டியலை எழுதி, செக்ரட்டரியிடம் கையெழுத்து வாங்கி, சங்கத்து வெளிச்சுவரில் இருந்த பலகையில் ஒட்டினேன். மறுநாள் ஊரில் சந்தை. சந்தைக்கு வந்தவர்கள் பலகை முன்னால் கூடி, "என்ன போட்டிருக்கு, வாசிங்கப்பா" என்று வாட்ச்மேனைக் கேட்டிருக்கிறார்கள். அவர் உறுப்பினர் எண்ணைச் சொல்லி வாசித்தார். "நூத்திப் பன்னெண்டு, கே. முனியசாமி..." பிறகு அவருக்கே ஆச்சரியம். "நூத்திப் பன்னெண்டு நம்ம வெள்ளரில்ல!"

அந்தக் கூட்டத்தில் உப்பூர்ப் பக்கத்திலிருந்து மாடு பிடிக்க வந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளரியின் மகள் பஞ்சவர்ணத்தை அவருடைய அக்கா மகனுக்குத்தான் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருவதாக இருந்தது. அவர் மாடு பிடிக்காமலே திரும்பிப் போனார். அன்று சாயங்காலமே தரகர் மூலம் செய்தி வந்தது: வெள்ளிக்கிழமை வருவது பற்றி யோசித்துச் சொல்கிறோம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை நான் விசிலடித்துக்கொண்டே சங்கத்தைத் திறந்தபோது, வெள்ளரி ஏற்கெனவே படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் தகரப் பெட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்து, சந்தையில் நடந்ததைச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து, ரசீதை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"தம்பி, இது ஒங்க எழுத்துதான?"

என் எழுத்துதான். முத்து முத்தான எழுத்து. பேரேட்டில் அவர் பக்கத்தைத் திறந்தேன், வரவு இல்லை. அட்டவணையைத் திறந்தேன், கே. முனியசாமிக்கு ஒரே ஒரு பக்க எண். அந்தப் பக்கத்துக்குப் போனேன். ரசீதில் இருந்த அதே தேதி, அதே தொகை. எனக்குக் காதுக்குள் பஸ் எஞ்சின் ஓடுகிற மாதிரி இருந்தது.

"அண்ணே, தப்பு நடந்துபோச்சு. என் தப்புதான்."

"அது எனக்கு வேணாம்ப்பா. வெள்ளிக்கெழமைக்குள்ள அவுக நம்பணும். அத மட்டும் செய்யி. எம் மவ மூணு நாளா... இல்ல, நேத்துலருந்துதான். மூணு நாளு மாதிரி இருக்கு" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செக்ரட்டரி பத்து மணிக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் கதவைச் சாத்தினார்.

"வெளிய யாருக்கும் தெரியுமா?"

"வெள்ளரி அண்ணனுக்குத் தெரியும் சார்."

"சரி. பேரேட்டுல பிளேடால நாசூக்காச் சொரண்டு. அந்தப் பக்கத்துல இருக்கிற வரவ இந்தப் பக்கத்துல அதே தேதியில எழுது. பலகையில இருக்கிறதக் கிழிச்சிட்டு வேற ஒட்டு. சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள எல்லாம் பளபளன்னு இருக்கணும்."

"சார், சொரண்டக் கூடாதுன்னு..."

"பயிற்சியில சொல்லியிருப்பாக. பட்டப்பேரு போடக் கூடாதுன்னும் பயிற்சியிலதான் சொன்னாகளா?"

பிளேடு மேஜையில்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன்: அதைக் கையில் எடுத்தேன். ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து வாரம். வீட்டில் அம்மா, "எம் மவன் கணக்கப்பிள்ளை" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சுரண்டுவதற்கு இரண்டு நிமிஷம் போதும். காகிதமும் நல்ல கனம்.

சுரண்டாமல் போனதற்குக் காரணம் ஒழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான். சுரண்டிய இடத்தை வெள்ளரி பார்த்தால் என்ன நினைப்பார் என்று ஓடிற்று புத்தி. ஒரு தடவை தானாக மாறிய கணக்கு, இன்னொரு தடவை பிளேடால் மாறுகிறது. இரண்டாவது சரி என்று அவர் எப்படி நம்புவார்? அவர் நம்பாததை உப்பூர்க்காரர்கள் எப்படி நம்புவார்கள்? தப்பு எங்கே நடந்தது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் திருத்தம் கண்ணுக்குத் தெரியும். தப்பான வரவின் மேல் ஒரே ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன், கீழே இருப்பது படிக்கிற மாதிரி. அருகே காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெள்ளரியின் பக்கத்தில் வரவு வைத்தேன். பலகையிலும் போய் அந்த வரியை மட்டும் அடித்து, "இவர் கடன் முழுவதும் கட்டியவர். பிழை கணக்கருடையது" என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

செக்ரட்டரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன் கையால ஒனக்கே மெமோ எழுதிக்கிட்டப்பா" என்றார்.

வெள்ளரி வீட்டுக்குப் போய் ரசீதை வாங்கிக்கொண்டேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்த பெண் உள்ளே போகாமல் நின்றாள்.

"நீங்கதான் எழுதினவுகளா?"

"ஆமா."

"எழுத்து ரொம்ப அழகா இருந்துச்சாம். சந்தைக்குப் போன எல்லாரும் சொன்னாக" என்றாள் பஞ்சவர்ணம். செம்பைத் தொடாமல் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். உப்பூர் போகிற பஸ், என் பழைய பஸ். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "வாங்க கணக்கப்பிள்ளை! டிக்கெட்டு எடுக்கணும், தெரியும்ல? இல்ல, அதையும் வேற யாரு பேருலயாச்சும் எழுதப் போறீகளா?" செய்தி அதற்குள் தடம் முழுக்கப் பரவியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் பேசியது மாப்பிள்ளையின் அம்மாதான். கணவர் இல்லாமல் இரண்டு பையன்களை வளர்த்தவர். புளி உடைத்துக்கொண்டிருந்தார்; நான் பேசி முடிக்கிறவரை கை நிற்கவில்லை. ரசீதைக் காட்டினேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், அட்டவணை உட்பட.

"அப்ப கட்டிட்டாக."

"கட்டிட்டாக ஆத்தா. கெடுவுக்கு முன்னாலயே."

"பணம் வேற ஒருத்தன் கணக்குல போயிருச்சு. அந்த ஆளு கட்டல."

"ஆமா ஆத்தா."

"யாரு அது?"

இந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸிலேயே எனக்குத் தெரியும். வந்தால் என்ன சொல்வது என்பதுதான் தெரியாது. ஆறுவிரல், பெண்ணுக்குப் பெரியப்பா. வெள்ளரியைக் காப்பாற்ற அவர் பெயரைச் சொன்னால், கடன் கட்டாத வீடு என்ற பேச்சு ஒரு வீடு தள்ளி அதே குடும்பத்தில் போய் நிற்கும். சொல்லாவிட்டால், யாரையோ மறைக்கிறான், கதை கட்டுகிறான் என்று ஆகும்.

"ஆத்தா, முனியசாமி அண்ணன் கணக்க, அவரு சொல்லித்தான் இங்கன கொண்டாந்தேன். அவருதான் ரசீதக் குடுத்தாரு. இன்னொருத்தரு கணக்க அவரு சொல்லாம நான் சொல்ல முடியாது. பலகையில ஒட்டுனாத்தான் ஊருக்குத் தெரியலாம். அதுவரைக்கும் அவருக்கும் சங்கத்துக்கும் நடுவுலதான்."

புளி உடைத்த கை நின்றது. "நல்லா பேசுற. பஸ்ஸுல இருக்கிறப்பவும் நல்லாத்தான் பேசுவ. சில்லற மட்டும் குடுக்க மாட்ட." அடையாளம் தெரிந்துவிட்டது. "ஒட்டும்போது ஒட்டு. வந்தா பாத்துக்கிறேன்" என்றார். வருவார்களா என்று கேட்டேன். மறுபடி புளியை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து செக்ரட்டரியிடம் சொன்னேன். அவரும் கெட்ட மனிதர் இல்லை. "வெள்ளிக்கெழம முடியட்டும். ஆறுவிரலுக்கு முறைப்படி நோட்டீசு குடுக்க நாளு இருக்கு. அந்தச் சாக்குல தள்ளிப்போடு. பூ வச்சிட்டுப் போகட்டும், அப்பறம் ஒட்டு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. விதிக்கும் பொருந்தியது. இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்று புதன்கிழமை காலை ஆறுவிரல் வீட்டுக்குப் போனேன். அவர் வெயிலில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுசும் கேட்டார்.

"அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்கண்ணே."

"அப்ப ஒக்காரச் சொல்லல. இப்ப நீ ஒக்காரு." சங்கடத்தோடு வைக்கோல் மேல் உட்கார்ந்தேன். "தள்ளியெல்லாம் போட வேணாம். பூ வச்சப்பறம் எம் பேரு ஏறுனா, மறச்சு வச்சு ஏமாத்திக் குடுத்துட்டாகன்னு எம் மவளத்தான் பேசுவாக. தம்பி மவளானாலும் எம் மவதான் அது. இன்னைக்கே ஒட்டு."

"நோட்டீசு குடுக்காம எப்படிண்ணே..."

"நோட்டீசு வேணாம்னு எழுது. பெருவெரல வைக்கிறேன்."

அவர் பெயரை "காளிமுத்து மகன் முனியசாமி" என்று எழுதிக் காட்டி வாசித்தேன். அவர் சிரித்தார். அந்த வாரத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. "எங்க அய்யா செத்து இருவது வருஷமாச்சு. அவரு பேரு இந்த ஊருல எத்தன பேருக்குத் தெரியும்? மறுபடி எந் தம்பின்னுதான் நெனப்பானுக. ஆறுவெரலுன்னு போடுறா."

போட்டேன். அன்று மத்தியானம் புதுப் பட்டியலைப் பலகையில் ஒட்டினேன். காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் ஆணி அடிக்கும்போது இரண்டு தடவை என் விரலிலேயே அடித்துக்கொண்டேன். வியாழக்கிழமை யாரும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. வெள்ளரி மூன்று தடவை சங்கத்துப் பக்கம் வந்து, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார். உப்பூர்ப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அன்று எழுதிய ஒரு பக்கத்தில் நான்கு அடித்தல்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். கூடத் தட்டுகளோடு மூன்று பெண்கள், மாடு பிடிக்க வந்திருந்த தம்பி. எனக்கு உயிர் வந்தது. அவர்கள் வெள்ளரியின் தெருவுக்குத் திரும்பவில்லை. நேராகச் சங்கத்துக்கு வந்தார்கள். பலகை முன்னால் நின்றார்கள். வந்த உயிர் மறுபடி போயிற்று.

"கணக்கப்பிள்ளை! இங்கன வா. எனக்கு எழுத்துத் தெரியாது. இதுல என்ன இருக்குன்னு வாசி."

தம்பிக்கு எழுத்துத் தெரியும். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அது எனக்கு உறைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பட்டியலில் ஏழு பெயர், நான்காவது பெயரில் இந்தக் கல்யாணம் நிற்கிறது என்பதுதான். மூன்றாவதிலிருந்து ஐந்தாவதுக்குத் தாவினால் யாருக்குத் தெரியும்? ஒரு வரி. இதே பலகையில் நான் தப்பாக ஒரு வரி எழுதி அந்தப் பெண்ணை இந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். சரியாக ஒரு வரியை விட்டுவிட்டு அவளை மீட்டால் என்ன? தெரு முனையில் வெள்ளரி வெள்ளை வேட்டியோடு நிற்பது தெரிந்தது. அவர் இந்தப் பக்கம் வரப் பயந்து நின்றார்.

முதல் பெயரை வாசித்தேன். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் நின்றேன்.

"ம்?"

"உறுப்பினர் எண் நாற்பத்தொன்று. காளிமுத்து மகன் முனியசாமி. ஆறுவிரல்."

"அது பொண்ணுக்குப் பெரியப்பன்ல?"

"ஆமா ஆத்தா."

"மிச்சத்தையும் வாசி."

மிச்சம் மூன்றையும் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று எனக்கே கேட்கவில்லை.

"நேத்து அந்த ஆளு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான்" என்றார் அந்த அம்மா. "பஸ்ஸுக்குக் காசு இல்லையோ என்னவோ, கால்ல முழங்கால் வரைக்கும் புழுதி. 'கட்டாதவன் நான், எந் தம்பி இல்ல. மழ பேஞ்சா நானும் கட்டிருவேன்'னு சொன்னான். தண்ணி குடுத்தோம், குடிக்காமப் போயிட்டான். கட்டாதத வந்து சொல்றவன் ஒருத்தன் இருக்கிற குடும்பந்தான், சரி. ஆனா ஏடு ஒன் கையிலல்ல இருக்கு? நீ எப்படிப்பட்டவன்னு தெரியாம ஒன் ரசீத எப்படி நம்புறது? அதான் வாசிக்கச் சொன்னேன்."

ஒன்று மட்டும் கேட்டேன். "நாலாவது பேர விட்டுட்டு வாசிச்சிருந்தா?"

"பதினொன்னரைக்கு ஒரு பஸ்ஸு இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு, தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெள்ளரி நின்ற பக்கம் நடந்தார்.

நான் உள்ளே வந்து பேரேட்டைத் திறந்து வைத்தேன். பேனாவை எடுத்தேன்; கீழே வைத்துவிட்டேன். செக்ரட்டரி எதிரில் வந்து உட்கார்ந்தார். வாட்ச்மேன் வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை பஸ் வந்து, நின்று, யாரையும் ஏற்றாமல் போனது. அதற்கும் எவ்வளவோ நேரம் கழித்துத் தெருக்கோடியில் பெண்கள் குலவையிடும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் மையைத் தொட்டேன்.